ஓவன் ஃபேனும் என் அவசரமும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெங்களூரில் எங்கள் கோரமங்களா வீட்டுக்கென்று, மேலே நாலு பர்னரும் கீழே ஓவனுமாக ஒரு பெரிய அடுப்பு வாங்கினோம். ஓவன் சூடானால் பின்பக்கம் ஒரு சின்ன ஃபேன் ஓடி, சுற்றியுள்ள பாகங்களைக் குளிர வைக்கும். ஆறே மாதத்தில் அந்த ஃபேன் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் பேச முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஈஜிபுராவிலிருந்து சமைக்க வரும் அக்கா அடுப்பை ஈரத்துணியால் துடைப்பதை ஒரு நாள் பார்த்தேன். அவ்வளவுதான். தண்ணீர் விட்டுக் கெடுத்தது நீங்கள்தான் என்று கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. கோபம் ஆறுவதற்குள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில், இவர் பொருள்களை நாசம் செய்கிறார், ஜாக்கிரதை என்று போட்டுவிட்டேன். எங்கள் கட்டடத்தில் அவர் சமைத்துவந்த மற்ற இரண்டு வீடுகளும் அவரை நிறுத்திவிட்டன.

அடுத்த வாரம் ரிப்பேர்காரர் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். தண்ணீர் பட்ட தடமே இல்லை என்றார். ஓவனை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஃபேன் ஓட வேண்டுமாம்; அதற்குள் யாரோ சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள், சூடு வெளியேறாமல் ஃபேன் மோட்டார் வெந்துபோயிருக்கிறது என்று கன்னடத்தில் விளக்கினார். யாரோ இல்லை, நான்தான். வேலை முடிந்த மறுநொடி எல்லா ஸ்விட்சையும் அணைப்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே ஊறிய பழக்கம். அதில் எனக்குப் பெருமை வேறு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்று சாயங்காலமே ஈஜிபுராவுக்குப் போனேன். அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, திங்கட்கிழமையே வந்துவிடுங்கள் என்றேன்.

“முன்ன வேலை செஞ்ச வீட்லயும் இதே மாதிரி அடுப்புதாம்மா. ஃபேன் தானா நிக்கிற வரைக்கும் ஸ்விட்ச தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்,” என்றார்.

வீட்டுக்குப் போனதும் குரூப்பில் உண்மையைப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

“என்னப் பத்திப் போட்டப்போ இவ்ளோ யோசிச்சா போட்டீங்க? இங்கியே போடுங்க.”

நின்றபடியே டைப் செய்தேன். ‘ஒரு சின்னக் குழப்பம்’ என்று ஆரம்பித்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. அதை அழித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி அனுப்பினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முதலில் நான் போட்டபோது, எச்சரித்ததற்கு நன்றி என்று ஆளாளுக்கு எழுதினார்கள். இதை எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு வீடுகளிலும் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அக்கா என் வீட்டுக்கும் வரவில்லை.