ஓநாய்ச் சலுகை

ஊரப்பாக்கத்தில் ஈவ்லின் டீச்சர் மீன் குழம்பு வைக்கிற அன்று, அவள் துண்டு பங்கு போடுகிற அழகை நின்று பார்க்க வேண்டும். கணவன் ஆல்வினுக்கு நடுத்துண்டு ஒன்று, வால் ஒன்று. மகள் ஏஞ்சலுக்கு நடுத்துண்டு ஒன்று, தலை ஒன்று. போன வாரம் தலை யார் தட்டுக்குப் போனது என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பாள். "இது இன்னா வூடா, கோர்ட்டா?" என்பான் ஆல்வின். கேட்டுக்கொண்டே வாலை மென்றும் விடுவான்.

குற்றம் அவளுடையது அல்ல, அவள் வேலை அப்படி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர். பாடம் நடத்துவது பாதி வேலைதான். லீவு போட்ட டீச்சரின் பீரியடை யார் தலையில் கட்டுவது என்று தினமும் காலையில் முடிவு செய்வது மீதிப் பாதி. ஒரு டீச்சரின் ஃப்ரீ பீரியடைப் பிடுங்குவதும் புலியின் வாயிலிருந்து எலும்பைப் பிடுங்குவதும் ஒன்று. பதினோரு வருஷம் பிடுங்கியும் அவளை யாரும் திட்டியதில்லை என்றால், அதற்குக் காரணம் ஒரே பழக்கம். எதை மாற்றினாலும் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவாள். ஒட்டாத மாற்றம் திருட்டு என்பது அவள் கட்சி. ஒட்டியதை ஒருவரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவள் கையில் ஒரு வீடியோ கேம் சிக்கினால் என்ன ஆகும்? 'ஹாலோ ஐல்' என்ற விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஏஞ்சல். ஆளில்லாத தீவில் வெறுங்கையோடு இறங்க வேண்டும். மரம் வெட்டி, குடிசை போட்டு, பசிக்கும் ஓநாய்க்கும் தப்பிப் பிழைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஈவ்லின் வீட்டு மூவரும் மேல்மாடி கேஷவும் அவரவர் வீட்டிலிருந்தே, போனில் பேசிக்கொண்டே, ஒரே தீவில் இறங்குவார்கள். கேஷவ் சாஃப்ட்வேர் பையன், விரல் பறக்கும். பத்தே நிமிஷத்தில் வில்லைச் செய்து கையில் வைத்துக்கொள்வான். வில் இருப்பவன் ராஜா, மற்றவர்கள் அவனுக்கு விறகு சுமக்க வேண்டியதுதான். இரண்டு சனிக்கிழமை விறகு சுமந்த ஈவ்லினுக்குப் பொறுக்கவில்லை.

உட்கார்ந்து ஒரு மோட் எழுதினாள். புது ஃபிளாட் வாங்கியவர்கள் சமையல் மேடை தாழ்வாக இருக்கிறதென்று இடித்து உயர்த்திக்கொள்வதில்லையா, அதுபோல அடுத்தவர் எழுதிய விளையாட்டை நம் வசதிக்கு மாற்றுவதுதான் மோட். வில்லின் பலத்தைக் குறைத்தாள், கோடரியை ஏற்றினாள், பசியை எல்லோருக்கும் ஒரே அளவாக்கினாள். அதற்குச் 'சரிசமம்' என்று பெயரும் வைத்தாள். என்னென்ன மாற்றினாள் என்பதை வெள்ளிக்கிழமைதோறும் வாட்ஸ்அப் குழுவில் எண் போட்டு எழுதிவிடுவாள். செத்தவர் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த சனிக்கிழமைதான் மறுபிறவி என்ற விதியும் அவள் போட்டதே.

ஒரு சனிக்கிழமை, "கொஞ்சம் சத்தம் போடாம இருங்கோளேன்" என்று சொல்ல எதிர்வீட்டிலிருந்து வந்தார் பட்டாபிராமன். அறுபத்தெட்டு வயது, அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் சூப்பரின்டெண்ட் வரை பார்த்தவர். சொல்ல வந்தவர் அரை மணி நேரம் நின்று பார்த்தார். அடுத்த வாரம் தன் லேப்டாப்போடு தீவில் இறங்கிவிட்டார்.

பாவம், இறங்கிய வேகத்தில் செத்தார். தீவில்கூட மாமிசம் தொடமாட்டார், கிழங்கு தோண்டுவார். குனிந்து தோண்டுகிறபோது பின்னாலிருந்து ஓநாய் வரும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தேடுவதற்குள் கதை முடிந்துவிடும். "நான் போயாச்சு, நீங்கள்லாம் ஆடுங்கோ" என்பார். மணி நாலு இருபதுகூட ஆகியிருக்காது. ஆறு வாரம் இதே கதை. ஏழாவது வாரம், "அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து எனக்கு டைம் இருக்குமான்னு தெரியலம்மா" என்றார்.

டைம் தவிர வேறொன்றும் இல்லாத மனிதர் அவர் என்பது ஈவ்லினுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக ஓரவஞ்சனை செய்தாள். மோடில் பட்டாபிராமன் பெயரைச் சேர்த்து, அவரை மட்டும் ஓநாய் தீண்டாதபடி மாற்றினாள்.

அடுத்த சனிக்கிழமை, அவள் வற்புறுத்தி இறக்கிய மாமா இரண்டு மணி நேரம் உயிரோடு இருந்தார். ஓநாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. "கை பழகிடுத்து ஈவ்லின்! பயப்படாம நின்னா அதுவே போயிடறது" என்று கூவினார். மனைவி பாலாம்பாள் எல்லோருக்கும் கேசரி கொடுத்தனுப்பினாள். ஈவ்லினுக்குக் கேசரி இறங்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும். மாற்றியதை எழுதாமல் இருக்க அவளால் முடியவில்லையே! பட்டியலில் ஏழாவதாக, "மூத்த குடிமக்களை ஓநாய் கடிக்காது" என்று எழுதியிருந்தாள். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். ஆனால் முப்பத்தாறு வருஷம் சர்க்குலர் படித்துச் சம்பளம் வாங்கிய மனிதர் ஒருவர் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைப் பட்டியலைத் தாமதமாகப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மாமா கதவைத் தட்டினார். கையில் போன், முகத்தில் ரத்தமே இல்லை.

"சீனியர் சிட்டிசன் கன்செஷனை ரயில்வேக்காரனே எடுத்துட்டான். நீ ஓநாய்கிட்ட வாங்கித் தர்றயா? நான் கேட்டேனா?"

"மாமா, அது வந்து..."

"நேத்திக்கு எத்தனை சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அத்தனையும் நீ போட்ட பிச்சை!"

ஈவ்லின் அன்றே அந்த வரியை நீக்கினாள், நீக்கியதையும் எழுதினாள். அவர் வரவில்லை. மூன்று சனிக்கிழமை தீவில் யாருக்கும் சுரத்தில்லை. "மாமா இல்லாம பேஜாரா கீதுபா" என்று ஆல்வின்கூடச் சொன்னான். 'அவர் திரும்பி வராவிட்டால் இந்த மோடையே அழித்துவிடுகிறேன்' என்று ஈவ்லின் மனதுக்குள் சபதம் செய்துகொண்டாள். ஊருக்கெல்லாம் நியாயம் பிரித்துக் கொடுத்தவள், ஒரு நல்ல மனிதரைப் பிச்சைக்காரராக்கிவிட்டாளே என்று அவள் நெஞ்சு குறுகுறுத்தது.

நான்காவது வாரம், மன்னிப்புக் கேட்க எதிர்வீட்டுக்குப் போனாள். மாமா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பாலாம்பாள் காபி போட உள்ளே போக, இவளும் பின்னாலேயே போனாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதன் அடியில் மூன்று வரிசை செங்கல். அரிசி டிரம்மும் செங்கல்மேல். ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள், பரண்மேல். வீடு இருப்பதோ இரண்டாவது மாடியில்.

"மாமி, இங்க எதுக்குச் செங்கல்?"

"நீயே சொல்லு! முடிச்சூர்ல தனி வீட்டுல இருந்தப்போ வெள்ளத்துல அத்தனையும் போச்சு. இங்க ரெண்டாவது மாடி, எப்படி வரும்னு கேட்டா, 'அப்பவும் வராதுன்னுதான் சொன்னா'ங்கறார். வானம் கறுத்தா டிவியைத் தூக்கக் கிளம்பிடறார்."

ஈவ்லின் காபியைக் குடித்தாளா இல்லையா என்பது அவளுக்கே ஞாபகமில்லை. வீட்டுக்கு ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 'ஹாலோ ஐல்' மழை வெறும் அலங்காரம், நனைந்தால் தும்மல் வரும், அவ்வளவே. வெள்ளைக்கார மழை! அவள் எழுதினாள், நம்ம ஊர் கார்த்திகை மழையை. வெள்ளிக்கிழமை குழுவில் வந்தது பட்டியல். நான்காம் எண்: "மழை மூன்று நாள் விடாமல் பெய்யும். தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கும்." எட்டாம் எண்: "யாருக்கும் எந்தச் சலுகையும் இல்லை."

வழக்கம்போல எவரும் படிக்கவில்லை. ஒருவரைத் தவிர.

சனிக்கிழமை சரியாக நான்கு மணிக்குத் தீவில் பட்டாபிராமன் பெயர் ஒளிர்ந்தது. யாரோடும் பேசவில்லை. கிழங்கைத் தோண்டிக்கொண்டு நேராகக் குன்றின்மேல் ஏறினார். ஓநாய் கண்ணில் படாத பாறை இடுக்காகப் பார்த்துக் குடிசை போட்டார். கல் அடுக்கி அதன்மேல் பெட்டியை வைத்தார். "மாமா, கீழ ஆத்தோரமா எவ்ளோ இடம் கீது, அங்க போய் ஏறிகினு கீறீங்களே!" என்று சிரித்தான் ஆல்வின். கேஷவ் ஆற்றங்கரையில் அரண்மனையே கட்டியிருந்தான்.

மழை பிடித்தது. தீவுக் கணக்கில் இரண்டாம் நாள் கணுக்கால், மூன்றாம் நாள் இடுப்பு. கேஷவின் அரண்மனை, ஆல்வினின் கருவாடு, ஏஞ்சலின் கோழிகள் எல்லாம் ஒரே வாரலில் அடித்துக்கொண்டு போயின.

"ஆன்ட்டி, இது அநியாயம்! சொல்லவே இல்ல!" என்று அலறினான் கேஷவ்.

"நாலாம் நம்பர்ல போட்டிருக்கு," என்றது பட்டாபிராமனின் குரல். நான்கு வாரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை. "தாழ்வான பகுதியில தேங்கும்னு எழுதினா இடுப்பு வரைக்கும் வரும்னு அர்த்தம். மேல வாங்கோ எல்லாரும், கிழங்கு இருக்கு."

பசியால் தள்ளாடிக்கொண்டு நால்வரும் குன்றேறினார்கள். ஆளுக்கு மூன்று கிழங்கு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பங்கு போட்டதைப் பார்த்து ஈவ்லினுக்குக் கண் நிறைந்தது.

ஆனால் வெள்ளத்துக்குப் பயந்தவர்கள் மனிதர்கள் மட்டுமா? ஓநாய்களும் குன்றேறின. முன்னால் வந்த ஒன்று, குனிந்து கிழங்கு எடுத்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்துவிட்டது. ஈவ்லினின் விரல் கீபோர்டின்மேல் நின்றது. மோட் அவளுடையது, ஒரு தட்டு தட்டினால் ஓநாய் மறைந்துவிடும். அவர் மறுபடி கோபித்துக்கொண்டு போய்விட்டால்? கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஓநாய் பாய்ந்தது.

"கடிச்சுடுத்து!" போனில் வருவதற்கு முன்பே எதிர்வீட்டுக் கதவைத் தாண்டிக் கேட்டது. "ஈவ்லின், என்னைக் கடிச்சுடுத்தும்மா!"

பாலாம்பாள் கரண்டியோடு ஓடிவந்து அவர் காலில் கடிபட்ட இடத்தைத் தேடியதாகப் பிறகு தெரிந்தது. அவரோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் போயாச்சு, நீங்கள்லாம் ஆடுங்கோ," என்றார் சிரிப்பு அடங்கியதும். பிறகு கேட்டார், "அடுத்த சனிக்கிழமையும் நாலு மணிதானே?"

"நாலு மணிதான் மாமா," என்று சொல்லிவிட்டு ஈவ்லின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.