கேக் வேண்டாம், பார்த்துவிட்டு வாருங்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இணையத்தில் கேக்குக்குச் சொல்லுவார்கள். நாங்கள் அதைத் திருகோணமலையில் இருக்கும் தாய் தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். எங்கள் தொழில் அவ்வளவுதான். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் நானும் என் சிநேகிதியும் அதைத் தொடங்கினோம். அவளுடைய கேக்குக்கு அவள் போகும் மாதா கோயில் பக்கத்தில் நல்ல பெயர் இருந்தது. நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்து, நிறுவனத்தின் திட்டம் முடிந்ததும் வீட்டில் இருந்தவள். மூன்றாவது ஆள், லண்டனில் இருந்த சிநேகிதியின் தம்பி. வங்கி அட்டை மூலம் காசு வாங்க இங்கே எங்களுக்கு வழியில்லை. அதை அவன் அங்கிருந்து பார்த்துக்கொண்டான்.

இணையத்தளத்தைச் செய்துதரக் கொழும்பில் ஒருவரைப் பிடித்தோம். சிநேகிதி கேக் சுடும் அடுப்பைவிட அதற்கு அதிகம் செலவானது. ஒரு படத்தை ஏற்றிவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் அது பாதிதான் ஏறியிருக்கும். கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து. ஆனாலும் முதல் ஓடர் நோர்வேயில் இருந்து வந்தபோது, இரண்டு பேரும் கணினிக்கு முன்னால் நின்று சின்னப் பிள்ளைகள் போலக் கத்தினோம்.

விநியோகம் என் பொறுப்பு. ஸ்கூட்டரின் முன்பக்கத்தில், கால் வைக்கும் இடத்தில் பெட்டியை வைத்து, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு போவேன். உவர்மலை ஏற்றத்தில் கேக் ஒரு பக்கம் சரியும். ஐசிங் வெயிலில் இளகும். லண்டன் தம்பி அடிக்கடி சொல்லுவான்: "அக்கா, இணையத்தில ஒருக்காப் பக்கத்தைச் செய்துபோட்டால் ஆயிரம் பேருக்கு விக்கலாம். செலவு ஏறாது." பக்கத்துக்கு அது சரிதான். கேக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் நானேதான் கொண்டுபோக வேண்டும்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு ஆட்கள் கேட்பது மாறியது. எல்லோரும் படம் கேட்டார்கள். கேக்கோடு அம்மாவை நிறுத்தி ஒரு படம், அப்பாவை வாசலில் வைத்து ஒரு படம். சிலர் கேக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. "அம்மாவின் கால் ஏன் வீங்கியிருக்கு?" என்றுதான் பதில் வரும்.

கனடாவில் இருந்த ஒரு மகள் மாதாமாதம் தகப்பனுக்கு அனுப்பினாள். அவர் ஓய்வுபெற்ற துறைமுக எழுதுவினைஞர். மனைவி இல்லை, கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீட்டில் தனியாக இருந்தார். அவருக்குச் சீனி வருத்தம். நான் கொண்டுபோகும் கேக்கை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். படத்துக்கு மட்டும் நல்ல சேட்டாக மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருப்பார்.

ஒருநாள் அந்த மகளிடமிருந்து ஓடர் வரவில்லை. கேள்விதான் வந்தது. "அக்கா, கேக் வேண்டாம். அப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கொஞ்ச நேரம் இருந்து கதையுங்கள். அதற்கு எவ்வளவு?"

சிநேகிதிக்குக் கோபம் வந்தது. "ஒரு மனிசனைப் போய்ப் பாக்கிறதுக்கு விலை போடுறதே?"

"பெற்றோலுக்கு ஆர் தாறது? உன்ர கேக்குக்கு மட்டும் விலை போடலாம், என்ர நேரத்துக்குப் போட ஏலாதோ?" என்று கேட்டேன்.

அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் அவளே விலையைச் சொன்னாள், ஒரு சின்னக் கேக்கின் விலையைவிடக் குறைவாக. 'பார்த்து வருதல்' என்று தளத்தில் போட்டோம். சில மாதங்களில் கேக்கைவிட அதுதான் கூடுதலாகப் போனது.

அதற்குள் தளம் செய்வது மலிந்துவிட்டது. நாங்கள் பெருஞ்செலவில் செய்வித்ததைப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் காசில்லாமலே ஒரு சனி ஞாயிறில் செய்தார்கள். கொழும்பில் இப்படியான கடைகள் பல முளைத்தன. 'இலங்கை முழுவதும் விநியோகம்' என்று போடுவார்கள். திருகோணமலைக்கு ஓடர் வந்தால் எங்களுக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். எங்கள் கேக்குக்கு அவர்களுடைய பெயர் ஒட்டின பெட்டி. எங்களுக்குக் கிடைப்பது முன்பு கிடைத்ததில் பாதி. வாடிக்கையாளர் யாரென்றே தெரியாது.

சண்டை திரும்பத் தொடங்கியதும் சோதனைச்சாவடிகள் கூடின. ஒரு சாவடியில் சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னான். கேக்குக்குள் நீளமான கம்பியால் குத்திப் பார்த்தான். பிறகு அடுத்த சாவடியிலும் குத்தினார்கள். 'அம்மா' என்று எழுதியிருந்த இடம் குழிகுழியாகிவிட்டது. அன்றிலிருந்து சிநேகிதி கேக்கைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியே தந்தாள். வெட்டின கேக்கை ஏன் கொடுத்தீர்கள் என்று சுவிஸில் இருந்து ஒருவர் ஏசி எழுதினார். அவருக்குப் பதில் எழுத எனக்கு அலுப்பாக இருந்தது. மன்னிக்கவும் என்று மட்டும் போட்டேன்.

லண்டன் தம்பி இதே காலத்தில்தான் உற்சாகமாக இருந்தான். 'பார்த்து வருதல்'தான் எங்களுடைய உண்மையான யோசனை என்றான். முதல் போடக்கூடிய ஒருவரோடு கதைத்திருக்கிறான். "வடக்குக் கிழக்கு முழுக்கச் செய்யலாம் அக்கா. ஊருக்கு ஒரு ஆள் போதும். ஆறு மாசத்தில எத்தனை ஊர் பிடிக்கலாம் எண்டு கேக்கிறார்."

"தம்பி, பக்கத்தில இருக்கிற மூதூருக்கே நான் போக ஏலாமல் இருக்கிறன்."

"அதைத்தான் ஒழுங்குபடுத்தோணும்."

"ஆர் ஒழுங்குபடுத்துறது? ஊருக்கு ஒரு ஆள் வைச்சு, ஆர் வீட்டில ஆர் இருக்கினம் எண்டு படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால், அந்த ஆளை ஆர் விடுவினம்? ஆமியும் இயக்கமும், இரண்டு பக்கமும் பிடிச்சு விசாரிக்கும்."

"ஓம், விளங்குது" என்றான். விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. அந்த முதலாளியின் கதையை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

பிறகு, மூதூருக்கும் அப்பால் இலங்கைத்துறை என்ற ஊரில் இருந்த தாயைப் பார்த்து வரச்சொல்லி ஒருவர் பணம் கட்டினார். அந்தப் பக்கத்துச் சனம் வெருகல் ஆற்றைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டது என்று அப்போது ஊரெல்லாம் கதை. பாதை பூட்டியிருந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பினோம். அவர் மறுபடியும் கட்டினார். "எவ்வளவு என்றாலும் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். ஒருவரும் அந்தத் தாயைக் கண்டிருக்கவில்லை. அப்படியே எழுதினேன். இரண்டாம் முறை கட்டின பணத்தையும் திருப்பி அனுப்பினோம்.

அந்த வாரம் கனடா மகளின் தகப்பன், அந்தத் துறைமுக ஐயாவிடம் போனேன். அன்று காலையில் அவருடைய தெருவில் ஒருவரைச் சுட்டிருந்தார்கள். கடைகள் பூட்டியிருந்தன. ஐயா கதவைக் கொஞ்சமாகத் திறந்து என்னைக் கண்டதும் திடுக்கிட்டுப்போனார்.

"பிள்ளை, இண்டைக்கு ஏன் வந்தனீங்கள்?"

"உங்கட மகள் சொன்னவ ஐயா."

"அவளுக்கு இங்கத்த நிலைமை தெரியாது. என்னைப் பாக்க வந்து உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் ஆருக்குப் பதில் சொல்லுறது? உங்கட வீட்டிலயும் பாத்துக்கொண்டெல்லோ இருப்பினம்."

உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் தந்தார். சேட்டு மாற்றவில்லை. படம் எடுக்க வேண்டாம் என்றார். அன்று பின்னேரமே மகளுக்குத் தொலைபேசி எடுத்து, இனி ஆளை அனுப்பாதே என்று சொல்லியிருக்கிறார். மகள் எனக்கு எழுதினாள்: "அப்பா ஏசுகிறார் அக்கா. என்னை மன்னியுங்கள். நான் யோசிக்கவில்லை." கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அவர் விசா அலுவலாகக் கொழும்புக்குப் போய் அப்படியே கனடாவுக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

'பார்த்து வருதல்' என்ற வரியைத் தளத்தில் இருந்து நானே எடுத்தேன். சிநேகிதி சரியென்று தலையை ஆட்டினாள். கேக் ஓடர்கள் கொஞ்ச நாள் வந்தன. மாவும் முட்டையும் விலை ஏற ஏற, கொழும்புக் கடைகள் தந்த காசு கேக் செய்யும் செலவுக்கே போதாமல் போனது. அவள் முன்பு போலத் தெரிந்தவர்களின் கலியாணங்களுக்குச் செய்யத் தொடங்கினாள். எனக்கு ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது.

தளத்தை ஒருவரும் மூடவில்லை. லண்டனில் தம்பியின் வங்கி அட்டை மாறியதால் வருடக் கட்டணம் போகாமல் விட்டிருக்கிறது. அது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு சனிக்கிழமை சும்மா திறந்து பார்த்தேன். எங்கள் தளத்தின் பெயர் விற்பனைக்கு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "சரி, விடு. சாப்பிட்டியோ?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். கணினியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன். பிறகு பின்னேரம் வரைக்கும் நித்திரை கொண்டேன்.