கன்னம் மாறிய தழும்பு

சலூன்காரருக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை தெருவுக்கே தெரியும். "நான் கத்தரி எடுத்தா சீப்பு தானா ஓடி வரும்" என்பார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்களே தவிர மறுக்க மாட்டார்கள்.

கடையில் இரண்டு நாற்காலிகள். வாசலை ஒட்டியது அவருடையது. உள்ளே இருப்பது அவருடைய அக்கா மகனுடையது. இரண்டுக்கும் எதிரே சுவர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி. மேல் மூலையில் கொஞ்சம் ரசம் உதிர்ந்த இடத்தை ஒரு காலண்டர் மறைத்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே பலகையில் சாமான்கள் என்றைக்கும் ஒரே வரிசையில் இருக்கும்: சீப்பு, கத்தரி, பவுடர் டப்பா, சோப்பு பிரஷ், கடைசியில் மடக்குக் கத்தி. பேச்சு சுவாரசியத்தில் பார்க்காமல் கை நீட்டினாலும் வேண்டிய பொருள் கையில் வந்து உட்காரும்.

மின்விசிறி இறக்கையைத் துடைக்க ஸ்டூலில் ஏறியவர், இறங்கும்போது ஸ்டூலைக் கேட்காமல் இறங்கிவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த அன்று, வெளிறி மெலிந்து கிடந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டாக்டர், இது என்னோடதுதானா? ஆள் மாறி வந்துடலையே?" என்று கேட்டார்.

சில நாட்களில் கத்தரி பிடிபட்டுவிட்டது. முடி வெட்டுவதில் ஒருவரும் குறை காணவில்லை. மடக்குக் கத்தியை எடுத்தால்தான் அதன் நுனி லேசாக ஆடியது. தொழில் பழகும்போது செய்ததைப் போல ஒரு பலூனை ஊதி, நுரை பூசி, கத்தி வைத்துப் பார்த்தார். பலூன் வெடித்து நுரை கண்ணாடி முழுக்கத் தெறித்தது.

"விடுங்க மாமா, பலூன்தானே" என்றான் அக்கா மகன். அதையே ஒரு கழுத்தாக நினைத்துப் பார்த்து இருவருமே தங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள். பிறகு அவன்தான், "கத்தியை எடுத்து உள்ள வச்சிடலாமா மாமா? இப்ப எல்லாரும் மெஷினுக்கு மாறிட்டாங்க" என்றான்.

"வைக்கலாம் மாப்ளே. அந்தப் பெட்டியிலயே எனக்கும் கொஞ்சம் இடம் விடு. ரெண்டு பேரையும் சேத்துப் பூட்டிடு."

அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சவரத்துக்கு வந்தவர்கள் வாசல் நாற்காலியைத் தாண்டி நேரே உள் நாற்காலிக்குப் போனார்கள். அவரைப் பார்த்து, "கை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். தெரிந்தவர் வீட்டு நாயைத் தடவிக்கொடுப்பதுபோல் இருந்தது அந்த விசாரிப்பு.

கண்டக்டர் ஒருவர்தான் உள் நாற்காலிக்குப் போகவில்லை. பேருந்தில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அவர் தாடை அறிந்தது சலூன்காரரின் கத்தியை மட்டும்தான். கை முறிந்ததும் அவர் தாடி வளர்க்க ஆரம்பித்தார். அது அவர் நினைத்ததைவிட உற்சாகமாக வளர்ந்தது. டிப்போவில் அவருக்குக் கரடி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"யோவ், சீக்கிரம் கையைச் சரி பண்ணுய்யா. நேத்து ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல வரேன்னு இறங்கிடுச்சு."

"இப்பவே உக்காரு, எடுத்து விடுறேன்."

கண்டக்டர் பலகையில் கிடந்த கத்தியைப் பார்த்தார். சுவரில் இன்னும் ஒட்டியிருந்த பலூன் துணுக்கையும் பார்த்தார். "அவசரமில்லை" என்றார்.

கையைப் பழக்க வந்த பயிற்சிக்காரர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தார். அதோடு, எழுதுங்கள், வரையுங்கள், விரல் நுனிக்கு வேலை கொடுங்கள் என்றும் சொன்னார். சலூன்காரர் எழுதுவது கையெழுத்து மட்டும். வரைவது, பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரைந்து வாத்தியார் அதைச் செருப்பு என்று எடுத்துக்கொண்டதோடு முடிந்த விஷயம். மருந்துக்கடையில் பில் போடும் அவர் மனைவிதான், நூலக மாடியில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு நடப்பதை விசாரித்து, அவரைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

"எனக்கு வரையத் தெரியாதே" என்றார் இவர்.

"தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க வகுப்பு?"

ஓவிய டீச்சர் சின்ன வயதுக்காரர். கறுப்புத் துணி விரித்த மேசைமேல் ஒரு முட்டையை வைத்து, "இதை வரைங்க" என்றார். சலூன்காரர் முட்டையை எட்டிப் பார்த்தார். வெளிச்சம் சரியாக விழவில்லை என்று பட்டது. எழுந்து போய், இரண்டு விரலால் அதன் உச்சியைத் தொட்டு, பக்குவமாக ஒரு பக்கம் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவருக்கு ஏனென்று புரியவில்லை.

அன்று அவர் வரைந்ததை வீட்டில் பார்த்த மனைவி, "இது உருளைக்கிழங்குதானே?" என்றார்.

"முட்டை."

"கோழிகிட்ட காட்டிடாதீங்க. மனசு ஒடிஞ்சு போயிடும்."

"முதல் வெட்டுலயே எவனுக்கும் கிருதா சமமா வராது. பொறு."

அவர் சொன்னது வீம்பில் அல்ல. அவருக்குக் கற்றுக்கொள்வது என்றால் என்னவென்று தெரியும். கத்தரியை வெறுமனே காற்றில் அசைத்து அசைத்தே மாதக்கணக்கில் கழித்தவர் அவர். அதேபோல் இப்போது காலையில் கடை திறந்து முதல் ஆள் வரும்வரை பழைய தாள்களின் பின்பக்கத்தில் கோடு இழுத்தார். அழிரப்பர் துகளை வாயால் ஊதமாட்டார். கழுத்து முடி தட்டும் மென்மையான பிரஷால் தட்டிவிடுவார். பென்சிலை எழுதுகிறவர்கள் பிடிப்பதுபோல் பிடிக்க அவருக்கு வரவே இல்லை. மூன்று விரல் மேலே, கட்டை விரல் கீழே, சுண்டு விரல் தனியாக வெளியே.

"இது என்ன பிடி?" என்று டீச்சர் கேட்டார்.

"கத்திப் பிடி, டீச்சர்."

டீச்சர் அதே மாதிரி பிடித்துப் பார்த்து, பென்சிலைக் கீழே போட்டார். "உங்களுக்கு அதுதான் வசதின்னா மாத்தாதீங்க. ஆனா கோட்டைத் துண்டு துண்டா வெட்டாதீங்க. அதனாலதான் நடுங்கின மாதிரி தெரியுது. ஒரே இழுப்பா இழுங்க."

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. இதுவரை பென்சிலைப் பிடித்தது கத்தியைப்போல், இழுத்தது கத்தரியைப்போல். காதடியில் கத்தி வைத்தவன் தாடை நடுவில் நிறுத்தி யோசிப்பானா? அன்றிலிருந்து கோடு மாறியது. முட்டை முட்டையாயிற்று. கூஜா, குடை, மடித்த துண்டு எல்லாம் ஒவ்வொரு ஞாயிறாக அதனதன் உருவத்துக்கு வந்து சேர்ந்தன.

கடைப் பலகையில் கிடந்த தாள்களை ஒருநாள் கண்டக்டர் புரட்டினார். குடையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது உன் கையா?"

"இல்ல, பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினேன்."

கண்டக்டர் தாடியைச் சொறிந்தார். "சரி, ஒரு ஒப்பந்தம். என் முகத்தை வரை. இந்தக் காடு இல்லாம, பழைய மழமழ முகம். தாடைக் கோடு ஒரு இடத்துல கூட நடுங்கக் கூடாது. முதல்ல தாள்ல என்னை வெட்டாம சவரம் பண்ணிக் காட்டு. அப்புறம் நிஜக் கழுத்தைத் தரேன்."

"நடுங்கினா?"

"உன் மாப்ளேகிட்ட மெஷின் போட்டுக்குறேன். நீயும் அந்தக் கத்தியை எடுத்து வச்சிடு. எத்தனை நாளைக்குத்தான் நானும் கரடியா இருக்கிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் போனபின் சலூன்காரர் கத்தியை எடுத்து, தோல்வாரில் இரண்டு பக்கமும் தீட்டி, மடித்து, அதன் இடத்திலேயே வைத்தார். கண்டக்டரே மெஷினுக்குப் போய்விட்டால் அதன்பின் அந்த நாற்காலியில் சவரத்துக்கு உட்கார வேறு ஆள் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

"ஆளைப் பாக்காம முகம் வரைய முடியுமா டீச்சர்?" என்று அடுத்த வகுப்பில் கேட்டார்.

"அவரை நல்லாப் பழக்கமா?"

"அந்த மூஞ்சியில எனக்குத் தெரியாத சந்து பொந்தே இல்லை."

"அப்ப வரைங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. தெரியும்னு நினைக்கிறதை வரையாதீங்க. கண்ணால பாத்ததை வரைங்க."

அவர் முடியிலிருந்து தொடங்கினார். எல்லோரும் முதலில் முகத்தின் வெளிக்கோட்டைப் போடும்போது இவர் வகிடு எடுத்தார். வகிட்டிலிருந்து கிருதா, கிருதாவிலிருந்து காது. கண்ணை மூடினால் அந்த முகம் அப்படியே எதிரே நின்றது: சற்றே ஏறிய ஒரு புருவம், பேச வாயெடுக்கும் உதடு, எப்போதோ பேருந்துக் கதவுக் கம்பி இடித்துக் கன்னத்தில் விழுந்த மெல்லிய தழும்பு. கடைசியாகத் தாடை. மூச்சை அடக்கி, காதடியிலிருந்து மோவாய் சுற்றி மறு காது வரை ஒரே இழுப்பு. பென்சிலை எடுத்தபோது அதன் நுனியைப் பார்த்தார். ஆடவில்லை.

டீச்சர் வந்து பின்னால் நின்றார். "இவரை நான் பாத்ததில்லை. ஆனா எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்" என்றார்.

வீட்டில் மனைவி தாளைக் கையில் வாங்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். தினமும் அந்தக் கண்டக்டரின் பேருந்தில்தான் அவர் வேலைக்குப் போவார்.

"அண்ணன்தான். ஆனா அண்ணன் இல்லை."

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லு."

"அவரோட தம்பி மாதிரி இருக்கு. ஏதோ இடிக்குதுங்க." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆங்! தழும்பு அந்தப் பக்கம்ல இருக்கும்? வகிடும் அந்தப் பக்கம். எல்லாத்தையும் மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார்.

"நான் எத்தனை வருஷமா அந்த வகிட்டை எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"நான் எத்தனை வருஷமா அவர்கிட்ட டிக்கெட் வாங்குறேன், எனக்குத் தெரியாதா? அழிச்சுட்டு மாத்திப் போடுங்க. நாளைக்கு அவர் சிரிக்கப்போறாரு."

சலூன்காரர் அழிரப்பரை எடுத்தார். தழும்பை மாற்றலாம். வகிட்டை மாற்றினால் கிருதாவை மாற்ற வேண்டும், அப்புறம் காது, அப்புறம் தாடை. கண்ணை மூடிப் பார்த்தார். முகம் வந்தது. தழும்பு வரைந்த இடத்திலேயே இருந்தது. ரப்பரைக் கீழே வைத்தார்.

"கை உடைஞ்சது நிஜம். கண்ணு உடையலை. இப்படியேதான் எடுத்துட்டுப் போவேன்."

மறுநாள் கண்டக்டருக்கு விடுமுறை. காலையிலேயே வந்துவிட்டார். வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு சலூன்காரரின் மனைவியும் கடைக்கு வந்து, காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அக்கா மகன் மெஷினைத் துடைத்துத் தயாராக வைத்திருந்ததை சலூன்காரர் கவனித்தார். தாளை நீட்டினார்.

கண்டக்டர் வாசல் நாற்காலியின் கைப்பிடிமேல் சாய்ந்து படத்தைப் பார்த்தார். தாடைக் கோட்டின்மேல் விரலை வைத்து, காது முதல் காது வரை ஓட்டினார். நாக்கால் 'த்ச' என்று ஒரு சத்தம் செய்தார்.

"நடுங்கலை" என்றார். "நான்தான்யா இது. அச்சு அசல் நான்தான்."

அக்கா மகன் எட்டிப் பார்த்தான். "ஆனா தழும்பு இடது கன்னத்துல இருக்கே."

"எங்கடா இடது? ரைட்டுலதானே இருக்கு?"

"அண்ணே, நல்லாப் பாருங்க. படத்துல இருக்கிறவருக்கு அது இடது கன்னம்" என்றார் மனைவி.

"தங்கச்சி, என் கன்னம் எதுன்னு எனக்குத் தெரியாதா? இதோ." கண்டக்டர் வலது கையைத் தாடிக்குள் விட்டு வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். படத்திலும் அந்தக் கைப்பக்கமாகத்தான் தழும்பு இருந்தது. "சரியாத்தானே போட்டிருக்கான்?"

"இவர் சொல்றதும் சரி மாதிரி இருக்கு, நான் சொல்றதும் சரி மாதிரி இருக்கே!" என்று மனைவி திகைத்தார்.

சலூன்காரர் கண்டக்டரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு தம் பழக்கப்படி நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. கண்டக்டரை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தார். தாளை வாங்கிக் கண்ணாடிமேல், கண்ணாடிக்குள் தெரிந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"இங்க வா. நான் நிக்கிற இடத்துல வந்து நில்லு."

மனைவி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியில் இரண்டு முகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தாடி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. வகிடு ஒரே பக்கம். ஏறின புருவம் ஒரே பக்கம்.

"அட, ஆமாங்க!" என்று கையைத் தட்டினார்.

"பின்னால நின்னு இந்தக் கண்ணாடியில பாத்ததுதான் எனக்கு முகம். அந்த ஆளை அந்த ஆளே பாக்குற மாதிரிதான் நானும் பாத்திருக்கேன்" என்றார் சலூன்காரர். "கண்ணால பாத்ததை வரைன்னு டீச்சர் சொன்னாங்க. வரைஞ்சேன்."

"இத்தனை வருஷத்துல நீ என்னை ஒரு நாளாவது நேருக்கு நேர் பாத்ததே இல்லையாய்யா?"

"நேர்ல பாத்தா டிக்கெட் கேப்பியே."

அக்கா மகன் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. அவன் அதை அணைத்து, இழுப்பறையில் வைத்து மூடினான்.

சலூன்காரர் வெள்ளைத் துணியை ஒரு உதறு உதறிக் கண்டக்டரின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்தார். பிரஷால் நுரை எழுப்பிப் பூசினார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கை நீட்டினார். கத்தி கைக்கு வந்தது. மூன்று விரல் மேலே, கட்டை விரல் கீழே, சுண்டு விரல் வெளியே. இடது கையின் இரண்டு விரலால் கண்டக்டரின் உச்சந்தலையைத் தொட்டுப் பக்குவமாகச் சாய்த்தார்.

கத்தி காதடியில் வந்து நின்றது. கண்டக்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த தம் முகத்தை ஒருமுறை பார்த்தார். மோவாயை உயர்த்திக் கழுத்தைக் கொடுத்தார்.

"ரைட்" என்றார்.

வண்டி கிளம்பியது. காதடியிலிருந்து மோவாய் சுற்றி, தாளில் போன அதே வழியில், எங்கும் நிற்காமல் போனது. நுரைக்கு அடியிலிருந்து பழைய தழும்பு மெல்ல வெளியே வந்தது.

முகத்தைத் துடைத்துவிட்டபின் கண்டக்டர் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "நாளைக்கும் வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தையல்கடைக்காரர், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து அதே வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் கத்திதான்" என்றார்.

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"அவரை மட்டும்தான் வரைவீங்களா? என்னையும் ஒண்ணு வரையறது?"

சலூன்காரர் புது நுரையை எழுப்பிக்கொண்டே அவரை நேராகப் பார்த்தார்.

"உன்னை நேர்லதானே பாத்திருக்கேன். அது இன்னும் கொஞ்சம் பழகணும். ஞாயித்துக்கிழமை வா, டீச்சரைக் கேப்போம்."