இஸ்தான்புல்லில் மூன்று பேருக்கு ஒரு மேசை

ஓபர்னில் உள்ள துருக்கிக்காரர் கடைகளில் கேட்காமலே கூடையில் பாண் கொண்டுவந்து வைப்பார்கள். சிட்னிக்கு வந்து பத்து வருடமாகியும் அந்தக் கூடையைக் கண்டால் எனக்குத் தடுமாற்றம்தான். முழுவதையும் சாப்பிட வேண்டுமோ, மிச்சம் விட்டால் குறை நினைப்பார்களோ? ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். 2013 தொடக்கத்தில் ஒருநாள் அந்தப் பாணைப் பிய்த்துக்கொண்டு, இஸ்தான்புல்லில் எங்கே சாப்பிடலாம் என்று கடைக்காரரிடம் கேட்டேன். சூரிச்சில் இருக்கும் அண்ணாவைப் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அங்கே சந்திக்க இருந்தேன்.

"சத்தமில்லாத இடம் வேணும். மூலை மேசை" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. கலியாணப் பேச்சா, சிஸ்டர் என்றார். இல்லை, அம்மாவைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றேன். அம்மாவும் வருகிறாவா என்று கேட்டார். எங்கடை ஆட்கள் ஆட்டுகிற மாதிரி, இரண்டுங்கெட்டானாகத் தலையை ஆட்டினேன். அவர் அதை ஓம் என்று எடுத்து, கடற்கரையில் மீன்சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தன் மச்சானுக்குப் போன் பண்ணி, மூன்று பேருக்கு மேசை பிடித்துவிட்டார். இல்லையென்று திருத்துவதானால் அம்மா செத்துப்போனா என்று வாயால் சொல்ல வேண்டும். மூன்று பேருக்கென்றே விட்டுவிட்டேன்.

2009இல் வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில் அம்மா காணாமற்போனா. கடைசியாகக் கண்டோம் என்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்று வருடம் காத்திருந்தேன். 2012இல் ஐயரிடம் நாள் கேட்டு, சிட்னியில் என் நார்த்மீட் வீட்டில் அம்மாவுக்குத் திவசம் செய்தேன். கொள்ளி வைக்க உரித்துள்ள ஒரே ஆண்பிள்ளை அண்ணா. அவரைக் கேளாமலே அம்மாவைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டேன். போனில் அவர் "அம்மா வந்தா..." என்று தொடங்கினாலே நான் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். இதை நேரில்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் மேசையை விட்டு எழும்பிப் போய்விடுவாரோ என்ற பயத்தில் விமானத்தில் ஒரு கண் நித்திரை இல்லை.

அண்ணாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. மேசையில் மூன்று கோப்பைகள் வைத்திருந்தார்கள்.

"மற்றது ஆருக்கு?"

"கடைக்காரர் பிழையா விளங்கியிட்டார், அண்ணா."

"பரவாயில்லை, கிடக்கட்டும்."

பரிமாறுகிறவர் தட்டில் பச்சை மீன்களை அடுக்கிக் கொண்டுவந்து காட்டினார். மீன்தலைக்கு என்னோடு சண்டை பிடித்த அண்ணா ஆயிற்றே. பெரிய தலையுள்ளதாய் ஒன்றைக் காட்டினேன். முதலில் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம்" என்றார் அண்ணா. "நான் மீன் விட்டு நாலு வருசம். அம்மா உயிரோட வரட்டும் எண்டு நல்லூரானுக்கு நேர்த்தி வச்சனான். இனி அம்மாவின்ர கையாலதான் மீன்."

பரிமாறுகிறவர் மீன் பழசென்று சொல்கிறோமாக்கும் என நினைத்து, செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டினார். நல்ல மீன்தான் என்று அவருக்கு எப்படி விளக்குவது? சொல்லு, இப்பவே சொல்லு என்று என்னை நானே உந்தினேன்.

"நானும் விடுறன், அண்ணா." வாயில் வந்தது இதுதான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு இரண்டு பேரும் பருப்பு சூப் குடித்தோம். என் கையை அவர் விடவேயில்லை. அந்த நேரத்தில் அவரை ஏமாற்றியதுபோல் நான் ஒருவரையும் ஏமாற்றியதில்லை.

வைகாசியில் அம்மாவின் திதி வந்தது. யன்னலைச் சாத்திவிட்டு, இலை போட்டுப் படைத்தேன். அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரே குசினியில் வருடத்தில் ஒருநாள் செத்துப்போன அம்மாவுக்குச் சமைக்கிறேன். மற்ற நாளெல்லாம் அம்மா உயிரோடு வர வேண்டுமென்று மீன் சமைக்காமல் இருக்கிறேன்.