மேல்முறையீடும் ஒரு பி.பி. மெஷினும்

அமெரிக்காவில் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் கருத்தடை மாத்திரையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது விதி. இங்கே நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோ ஊரில், எதிர்வீட்டுக் கவிதாவுக்கு அவளுடைய காப்பீட்டு நிறுவனம் அதை மறுத்தது. சென்னையில் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் விதிகளோடு குடும்பம் நடத்தியவள் நான், விடுவேனா? "காசு கட்டிடாதே, அப்பீல் பண்ணலாம்" என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லை. கவிதா ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, லெட்டர் வெயிட் பண்ணும். என் உடம்பு வெயிட் பண்ணுமா? இப்பதான் மறுபடி வேலைக்குப் போறேன். இன்னொண்ணு இப்ப தாங்காது."

கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினாள்.

அவளே ஆன்லைனில் ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்திருந்தாள். இன்சூரன்ஸ் இல்லாமலே கட்டுப்படியாகும் விலைதான். படிவத்தில் ரத்த அழுத்தம் மட்டும் நிரப்பாமல் இருந்தது; அது தெரியாமல் மாத்திரை எழுதித் தரமாட்டார்களாம்.

"உங்க பி.பி. மெஷின் இருக்குல்ல?"

அவள் கையில் பட்டையைச் சுற்றினேன். "பேசாம இரு."

"நான் நார்மல்தான் ஆன்ட்டி. உங்களுக்குத்தான் ஏறியிருக்கும்!"

விதி தெரிந்தால் போதும் என்றிருந்த நான் எழுதிய மூன்று பக்கம் செய்யாததை, மெஷின் காட்டிய அந்த இரண்டு எண்கள் செய்தன. அந்த வாரமே மாத்திரை தபாலில் வந்தது.

மேல்முறையீட்டுக்கும் பதில் வந்தது, ஏற்றுக்கொண்டோம் என்று. தேதியைப் பார்த்தேன். அவள் இரண்டாவது மாதத்து மாத்திரை அட்டையைத் தொடங்கிய நாள்.