வெயிலில் ஓடிய வைப்பர்

பக்கத்து வீட்டுத் தம்பி புதுக் கார் வாங்கியிருக்கிறான். காம்பவுண்டுக்குள் ஏற்றிவிடச் சொன்னான். உட்கார்ந்தேன். இடது கால் க்ளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி தலையைக் குத்தி நின்றது.

"அண்ணாச்சி, எடது கால சும்மா வைங்க. கியரெல்லாம் அதுவே போட்டுக்கிடும்."

சும்மா வைப்பதுதான் கஷ்டம். வலிக்கிற காலாக இருந்தாலும் பழகிய கால். புது சீட்டின் ரெக்சின் வாசனை வேறு மூக்கில் ஏறியது. அதே வாசனைதான் நான் டிரைவராக இருந்த தச்சநல்லூர் அரிசிக்கடை முதலாளி எண்ணூறு கார் வாங்கிய அன்றும்.

அதற்கு முன் அவரிடம் அம்பாசடர். நாலு சிலிண்டர். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், இடது கைக்கு மேலே. இந்தச் சின்ன வண்டிக்கு மூன்றே சிலிண்டர், எண்ணூறு சிசிக்கும் நாலு குறைவு. கியர் நாலு, தரையிலிருந்து முளைத்த குச்சி. பின்சக்கரம் தள்ளாது, முன்சக்கரம் இழுக்கும். டாக்சி ஸ்டாண்டில் கேலி பண்ணாமல் விடவில்லை.

"தையல் மிசினா வே ஓட்டுதீரு? சட்டைக்கு அளவு எடுப்பீரா?"

மனசுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் இடது கை மேலே போகும். அங்கே இருப்பது வைப்பர் சுவிட்ச். நீங்கள் அம்பாசடர் ஓட்டியவராக இருந்தால் சிரிக்கமாட்டீர்கள்.

வாங்கிப் பத்து நாள் இருக்காது. முதலாளி சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பிரசவத்துக்கு ஆழ்வார்குறிச்சியில், தாய்வீட்டில் இருந்தாள். முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும். நானும் முதலாளியும் பார்க்கப் போன அன்றே பனிக்குடம் உடைந்துவிட்டது. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னாள் நர்ஸ். உச்சி வெயில். அக்காவைப் பின்சீட்டில் சாய்த்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார் முதலாளி. மூணு சிலிண்டர் இழுக்குமா என்று அவர் கேட்கவில்லை. நான் வண்டியை எடுத்தேன்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரயில் போனது. கேட் தூக்கியதும் அவசரத்தில் கை மேலே போய்விட்டது. க்ளட்சை விட்டேன். வண்டி நகரவில்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஆடியது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். முதலாளி கத்தினார்.

"ஏலே! கியர் கீழ கெடக்குலே! மழையா பெய்யுது இங்கன?"

அப்போது அக்கா சிரித்தாள். வலியும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அவன வையாதீய. சிரிச்சா கொஞ்சம் தாங்குதுல்லா. தம்பி, இன்னொருக்க போடு."

அதற்குப் பிறகு கை தானாக மேலே போகவில்லை. நான்தான் போட்டேன். வலி வந்து அக்கா முனகும்போதெல்லாம் வைப்பரைத் தட்டிவிடுவேன். "தம்பி, குடை கொண்டாந்தியா?" என்பாள். வயல்காட்டு ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வண்டி நாலாவது கியரில் முனகாமல் இழுத்தது.

பெண் குழந்தை. தங்கியது. இப்போது வெளிநாட்டில் இருக்கிறது.

முதலாளி போய்ச் சேர்ந்தார். எண்ணூறு வண்டி எஃப்சி சர்டிபிகேட் கிடைக்காமல் பழைய இரும்புக்குப் போனது. கியர்பாக்ஸை ஒரே ஆள் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். அவ்வளவு சின்னது.

போன ஆவணியில் அக்காவுக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வந்தது. நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். அவளை ஏற்றிக்கொண்டு, சத்தம் போட்டபடி என்னைத் தாண்டிப் போனது. கண்ணாடி பால் நிறம். உள்ளே அவளோடு யார் பேசிக்கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை.