இரண்டு அறைக்கு ஒரு மீன் தொட்டி

நான் ஒரு மீனையும் கொன்றதில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். எட்டு வருடமாகக் கீழே கஞ்சிக் கடையில் போய் உட்கார்ந்தால், "என்ன மீன் எமன், இன்னிக்கு மீன் கஞ்சியா?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவனுக்கு அன்றைக்கு நடந்தது பாதிகூடத் தெரியாது. பெயர் வைத்தது அப்போது என் அடுத்த அறையில் இருந்த கூக் அக்கா. நான்காம் மாடியிலிருந்து தெரு வரைக்கும் பரப்பியதும் அவர்தான். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்த இடத்திலிருந்துதான் கை ஓடுகிறது.

ஷாம் ஷுய் போவில் துணிக் கடைகளுக்கு மேலே எங்கள் வீடு. வீடு என்றால், ஒரே வீட்டைப் பலகை அடித்து ஆறு அறையாக வாடகைக்கு விட்டிருந்தார் யிப் ஐயா. அவர் குடும்பத்தோடு அங்கே இருந்த காலத்தில் கூடத்தின் நடுவில் செங்கல் மேடை கட்டி நாலடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி வைத்திருந்தார். அது வந்த பிறகுதான் அவர் மேலும் இரண்டு வீடு வாங்கினாராம். அறை பிரிக்க வந்த தச்சன் தொட்டியை நகர்த்தலாமா என்று கேட்டதற்கு, உன்னை நகர்த்தினாலும் அதை நகர்த்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே பலகைச் சுவர் தொட்டியின் இரண்டு முனையிலும் வந்து முட்டி நின்றது. தொட்டியின் ஒரு முகம் கூக் அக்கா அறையில், மறு முகம் என் அறையில். மூடி திறப்பதும் தீனி போடுவதும் அவர் பக்கம். மின்சார பிளக் என் பக்கம்.

உள்ளே எட்டு சிவப்புத் தங்கமீன், ஒரு கருப்பு. சீனக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இருபத்தெட்டாம் தேதி, புத்தாண்டுக்கு முன் ஊரே வீட்டு அழுக்கைத் தள்ளிக் கழுவும் நாளில், யிப் ஐயா வந்து குனிந்து எண்ணிப் பார்ப்பார். ஒன்பது இருக்க வேண்டும். கூக் அக்காவுக்கு முன்னால் அந்த அறையில் ஒரு தையல்காரன் இருந்தான். அவன் காலத்தில் இரண்டு மீன் செத்தது. புத்தாண்டுக்கு முதல் நாள் தையல் இயந்திரத்தோடு தெருவில் நின்றான். கூக் அக்காவுக்கு வந்த அன்றே இதைச் சொல்லித்தான் சாவி கொடுத்தார் யிப் ஐயா. மீன் இருக்கும் வரை நீங்களும் இருக்கலாம்.

அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு ஐந்து வருடமாகக் காத்திருந்தவர் அவர். அறுபத்து மூன்று வயசுக்கு, அவர் வாங்கிய சம்பளத்துக்கு, வெளியே கிடைப்பது ஒரு கட்டில் இடம்தான். கம்பி வலை போட்டு, காலை நீட்டினால் அடுத்தவன் தலையில் இடிக்கும் இடம்.

தொய்சானிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தாராம். டோப்பா செய்யும் தொழிற்சாலையில் ஏழு வருடம் மற்றவர் தலைக்கு முடி கட்டினார். பிறகு தேநீர் விடுதியில் ஆவி பறக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேஜை மேஜையாக இறால் கொழுக்கட்டை கூவி விற்றார், இருபத்திரண்டு வருடம். அந்தக் குரலுக்கு எங்கள் பலகைச் சுவர் ஒரு தடையே இல்லை. புருஷனைப் பற்றி யாராவது கேட்டால், "ஷென்ஜென் போயி காய் வாங்கிட்டு வர்றேன்னாரு. பதினாறு வருஷமா நல்ல காயா பொறுக்கிட்டிருக்காரு" என்பார். கேட்டவர்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பார்.

ஞாயிறு காலையில் அவர் பக்கத்துக் கண்ணாடியைத் துடைப்பார். முதலில் கையிலிருக்கும் பச்சைக் கல் வளையலில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார், கண்ணாடியில் இடிக்கக் கூடாது என்று. பழைய பருத்தி பனியனைக் கிழித்த இரண்டு துணி. ஒன்றை வெறும் தண்ணீரில் நனைத்து, சொட்டுச் சொட்டாமல் முறுக்கிப் பிழிந்து, மேலிருந்து கீழே இழுப்பார். உப்புக்கறை இருந்தால் துணியின் ஓரத்தில் ஒரு துளி அரிசிக் காடி, அதுவும் தொட்டியின் வாய் விளிம்புக்கு நாலு விரல் கீழே மட்டும். உடனே வெறும் தண்ணீர்த் துணி. கடைசியில் காய்ந்த துணி. அந்த இரண்டு துணிக்கும் தனி ஆணி. சோப்புக் கையோடு யாராவது அதைத் தொட்டால் அந்தத் தளத்தில் அன்றைக்குச் சமாதானம் கிடையாது.

என் பக்கத்தை நான் துடைத்ததே இல்லை. எனக்குத் தொழிலே கண்ணாடி துடைப்பது. ஒன்பது கடை, இரண்டு பல் வைத்தியர், ஒரு கார் விற்கும் இடம். நாளெல்லாம் ஊரான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தவன் வீட்டிலும் துடைக்க வேண்டுமா? இன்னொரு காரணமும் உண்டு. அந்த அழுக்குதான் எனக்குத் திரை. அது போனால் நான் வயிற்றைச் சொறிவதுகூட அடுத்த அறைக்குத் தெரியும்.

"ஆ பிங், உன் பக்கத்துல விரல் வெச்சுப் பேரு எழுதலாம் போலிருக்கே."

"எழுதுங்க."

"மீனுங்க அந்தப் பக்கம் எப்பவும் மழைக்காலம்னு நெனச்சுக்கிட்டிருக்கும்."

"குடை வாங்கிக் குடுங்க."

இப்படியே மூன்று வருடம் போயிற்று. அந்த வருடம் இருபத்தெட்டாம் தேதி காலையில் மட்டும் அவர் கிண்டல் பண்ணவில்லை. கதவில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "போன வருஷமே அந்தாளு மூஞ்சியைச் சுளிச்சாரு, ஆ பிங். தொட்டியை நான் சரியாப் பாத்துக்கலன்னு நெனச்சா என்ன பண்றது. சாயங்காலம் வர்றாரு. பூ வாங்கிட்டு வந்து நானே துடைக்கிறேன், கதவைத் தொறந்து வையி."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடி துடைக்கிறவன் அறைக்கு வந்து ஒரு பெண்பிள்ளை கண்ணாடி துடைப்பதா? அவர் பூச்சந்தைக்குப் போனதும் என் வாளியை எடுத்தேன். கார் புகையும் புறாப் பீயும் படிந்த கண்ணாடிக்கு அடிக்கும் நீல மருந்து இருந்தது. மூக்கில் ஏறும், ஆனால் ஒரே இழுப்பில் கறை போகும். குளிர் என்று ஜன்னல் சாத்தியிருந்தது. நடையில் யாரோ தரை கழுவிக்கொண்டிருந்ததால் கதவையும் சாத்தினேன். நான் துடைப்பது வெளிப்பக்கம், மீன் இருப்பது உள்பக்கம், நடுவில் தடித்த கண்ணாடி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருபது தடவை பீய்ச்சி, ரப்பர் பட்டையால் இழுத்துவிட்டேன். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்பது மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்தேன்.

அப்போதுதான் கூக் அக்கா புத்தாண்டுப் பூச்செடியோடு அவர் அறைக்குள் வந்தார். அவர் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. செடியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கண்ணாடியில் முட்டுகிற மாதிரி வந்து நின்றார்.

"என்ன அடிச்ச?"

"கண்ணாடி மருந்து. என் பக்கம்தான் அடிச்சேன். உள்ள ஒரு சொட்டுப் போகல."

"பம்பு எங்க இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே சின்னப் பலகையில், பிளக்குக்குப் பக்கத்தில், காற்றுப் பம்பு உறுமிக்கொண்டிருந்தது. மூடிய அறையில் இருந்த அத்தனை மருந்து நெடியையும் உறிஞ்சி, குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டிருந்தது.

"அதுங்க மூச்சு விடறது உன் ரூம் காத்துல, மடையா," என்றார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பிளக்கைப் புடுங்கு. ஜன்னல், கதவு ரெண்டையும் தொற."

அவரிடம் நீளக் குழாய் ஒன்று இருந்தது. பலகை இடுக்கு வழியாக நீட்டினார். நான் வேலைக்கு வைத்திருந்த நீட்டு வயரை இழுத்துப் பம்பை அதில் மாட்டி, அதை ஜன்னலுக்கு வெளியே நல்ல காற்றில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நான்காம் மாடி, வாடைக் காற்று, கையில் உறுமும் பம்பு. எதிர்வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட வந்த கிழவர் லோ நிதானமாகப் பார்த்துவிட்டு, "காத்துல என்னப்பா சிக்குது?" என்று கேட்டார்.

உள்ளே அவர் வேலை நடந்தது. குளோரின் போவதற்காக முந்தின நாளே பிடித்துத் திறந்துவைத்த தண்ணீர் மூன்று வாளி அவர் கட்டிலுக்கு அடியில் எப்போதும் இருக்கும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை வடித்தார். வாளித் தண்ணீரில் கெட்டில் வெந்நீர் கொஞ்சம் கலந்து, மணிக்கட்டை வைத்துப் பார்த்து, ஒரு கிண்ணத்தின் மேல் விழுகிற மாதிரி மெதுவாக ஊற்றினார். வெள்ளை வால் சிவப்பு மீன் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. அதைக் கைக்குழியில் தாங்கி, குமிழ் வருமிடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மீனிடம் பேசினாரா, சாமியிடம் பேசினாரா, எனக்குக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு யிப் ஐயா கதவைத் தட்டினார்.

நான் பளபளப்பாக்கி வைத்த கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அவருக்கும் நான் தெரிவேன். கூக் அக்கா கண்ணாலேயே என்னைக் கீழே உட்காரச் சொன்னார். ஜன்னலடியில் குந்தி, கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன். இடுக்கு வழியாகப் பேச்சு வந்தது.

"என்ன கூக் அக்கா, எல்லாம் மேல வந்து நிக்குது?"

"வருஷக் கடைசி இல்லீங்களா. நீங்க வர்றது அதுங்களுக்குத் தெரியும். வாழ்த்துச் சொல்லுது, வாயைப் பாருங்க."

"ஒண்ணு சாஞ்சிருக்கே."

"அதான் மூத்தது. குனிஞ்சு சொல்லுது. மரியாதை தெரிஞ்ச மீனு."

யிப் ஐயா சத்தமாகச் சிரித்தார். எண்ணினார். ஏழாவதில் குழம்பி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். என் விரல் மரத்துவிட்டது.

"ஒம்பது. சரி. அந்தப் பக்கக் கண்ணாடி என்ன இவ்ளோ பளிச்சுனு இருக்கு?"

"ஆ பிங் துடைச்சான்."

"அவனா?"

"தொழில்காரன் ஆச்சுங்களே," என்றார் கூக் அக்கா. அந்தச் சொல்லில் இருந்த சூடு யிப் ஐயாவுக்கு எட்டவில்லை. எனக்கு எட்டியது.

யிப் ஐயா கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனார். தெருவில் கடை விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரத்தில் வெள்ளை வால் ஒரு தடவை துள்ளி நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்து, கருப்பு மீனின் பின்னாலேயே அடியில் போய்விட்டது. கூக் அக்கா ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு ஆரஞ்சை உரித்து நாலு சுளை தின்றார். மீதியை இடுக்கு வழியாக என் பக்கம் தள்ளினார்.

"கையை உள்ள எடு. ஜுரம் வந்தா அதுக்கும் நான்தான் கஞ்சி காய்ச்சணும்."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை மாடிப்படியில் இறங்கினால் மூன்றாம் மாடிக்காரி, "மீன் எமன் வர்றாரு, வழி விடுங்க" என்கிறாள். வீட்டுக்காரரிடம் தொழில்காரன், ஊரிடம் எமன். இது என்ன நியாயம் என்று கூக் அக்காவிடம் கேட்டேன். "அங்க பொய் சொன்னதுக்கு இங்க உண்மை சொல்லிட்டேன், சரியாப் போச்சு," என்றார்.

அதன் பிறகு ஞாயிறுகளில் நானும் துடைத்தேன். எனக்கும் இரண்டு துணி, தனி ஆணி. நீல மருந்து தொழில் வண்டியிலேயே தங்கிவிட்டது. பீடித்துண்டு அளவு சிகரெட்டைக்கூட அறையில் பற்றவைப்பதில்லை, கீழே இறங்கிப் போய்த்தான் குடிப்பேன். எங்களுக்குள் புதுச் சண்டை ஒன்று முளைத்தது. ஒரு கறை தெரிந்தால் அது யார் பக்கம் என்று சொல்ல முடியாது.

"உன் பக்கம்."

"உங்க பக்கம். நான் இப்பத்தான் துடைச்சேன்."

"விரலை வையி."

அவர் ஒரு விரல், நான் ஒரு விரல், நடுவில் தண்ணீரும் மீனும். இருவரும் தேய்ப்போம். போனால் இருவருமே 'என் பக்கம் இல்லை' என்போம். போகாவிட்டால் அது உள்பக்கப் பாசி. அப்போது மீன்களைத் திட்டுவோம்.

இரண்டு வருடம் கழித்து வீட்டுவசதித் துறையிலிருந்து கடிதம் வந்தது. தின் ஷுய் வாய் என்ற புறநகரில் வீடு, இருபத்திரண்டாம் மாடி, தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை. கடிதத்தை என்னைப் படிக்கச் சொன்னார். என் படிப்புக்கு நான் திக்கித் திக்கிப் படிப்பதற்குள் பிடுங்கி அவரே படித்தார். பிறகு நடையில் நின்று, தேநீர் விடுதி வண்டி தள்ளிய குரலில் ஆறு அறைக்கும் சேர்த்து வாசித்தார்.

ஒன்பது மீனையும் எண்ணிக் காட்டித்தான் யிப் ஐயாவிடம் சாவியைக் கொடுத்தார். யிப் ஐயாவே அவரை விடுதிக்கு அழைத்துப் போய் விருந்து வைத்தார், வேறு யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. சாமான் அதிகமில்லை. கெட்டில், வாளி மூன்று, ஒரு மடக்குக் கட்டில். நான்தான் கீழே இறக்கினேன். வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். கூக் அக்கா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"ஆ பிங், புதுசா வர்ற ஆளு ஒண்ணாந்தேதிதான் வருவாராம். அது வரைக்கும் என் பக்க விளக்கு எரியாது."

"தீனி நான் போடுறேன், யிப் ஐயா சாவி குடுத்திருக்காரு."

"தீனி இல்லடா. சாயங்காலம் ஆனா அதுங்க யாராவது சாப்பிடறதைப் பாத்துப் பழகிடுச்சு. இனிமே உன் பக்கம்தான் வந்து நிக்கும். தட்டை எடுத்துக்கிட்டுக் கட்டில்ல அந்தப் பக்கமாத் திரும்பிக்காத. மூஞ்சியைக் காட்டிச் சாப்பிடு."